துபாயில் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமா?

சென்னை, கோவை நட்சத்திர ஹோட்டல்களில் துபாய் பில்டர்களின் கண்காட்சி அடிக்கடி நடக்கிறது. காபி, பிஸ்கட், வழவழப்பான கையேடு, கூடவே ஒரு வாசகம்: "சென்னையில மூணு பர்சென்ட் தாண்டாது சார். இங்க ஏழு. அதுவும் டாக்ஸ் கிடையாது." கேட்டுக்கொண்டு நிற்பவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஓய்வுக்காலப் பணமோ பூர்வீக நிலம் விற்ற பணமோ கையில் இருக்கும். மாதம் பிறந்தால் வாடகை வர வேண்டும் என்பதுதான் அவர்களுடைய எதிர்பார்ப்பு.

கண்காட்சிகள் ஏன் துபாயைச் சுற்றியே நடக்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் முதல் விலையில் 60% கூடுதல் முத்திரை வரி. கனடா 2023 ஜனவரியில் வெளிநாட்டவருக்குப் போட்ட தடையை 2027 வரை நீட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியா, ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளை வெளிநாட்டவர் வாங்க 2025 ஏப்ரலிலிருந்து 2 ஆண்டுகளுக்குத் தடை விதித்தது. இலங்கையில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடி வீட்டுக்கும் நிபந்தனைகள் உண்டு. துபாய் மட்டும் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், துபாயிலேயே வேலை பார்ப்பவர் போடும் கணக்கை, மயிலாப்பூரில் குடியிருப்பவர் தலையில் கட்டுகிறார்கள். அங்கேதான் தகராறு.

நம்பிக்கை: "துபாயில் வாடகைக்கு வரியே இல்லை"

துபாயில் இல்லை, உண்மை. இந்தியாவில் இருக்கிறது. வருமான வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவருக்கு உலகில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே வரி உண்டு. அங்கே வரி கட்டியிருந்தால் இங்கே கழித்துக்கொள்ளலாம். அங்கே கட்டவே இல்லையென்றால் கழிக்க எதுவும் இல்லை. முழு வரியும் இங்கேதான்.

கண்காட்சியில் போட்டுக் காட்டாத கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 8 லட்சம் திர்ஹாம், பரப்பு 700 சதுர அடி, ஆண்டு வாடகை 56,000 என்று வையுங்கள். கணக்குக்கு எடுத்துக்கொண்ட எண்கள்தான், ஆனால் நடப்புக்குத் தூரமில்லை. இதுதான் அவர்கள் சொல்லும் 7%. முதலில் துபாய் நிலத் துறைக்கு 4% பதிவுக் கட்டணம், அதாவது 32,000. தரகருக்கு 2%, அதன் மேல் வாட். பதிவு அலுவலகச் செலவு வேறு. எல்லாம் சேர்ந்து கைவிட்டுப் போவது ஏறத்தாழ 8,53,000.

வரவுப் பக்கம் வருவோம். ஆண்டுக்கு அரை மாதம் வீடு காலியாகக் கிடந்தால் வாடகை 53,700 ஆகிறது. சதுர அடிக்கு 15 திர்ஹாம் வீதம் சர்வீஸ் சார்ஜ் 10,500. சாவியை வைத்துக்கொண்டு குழாய் ரிப்பேரிலிருந்து ஒப்பந்தம் புதுப்பிப்பது வரை பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு 5% என்றால் 2,700. மிச்சம் 40,500. இனி இந்திய வரி. வாடகையில் 30% நிலையான கழிவு தருகிறார்கள். சர்வீஸ் சார்ஜைத் தனியாகக் கழிக்கப் பொதுவாக வழியில்லை, அந்த 30 சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டதாகக் கொள்வார்கள். உச்ச வரம்பில், செஸ் சேர்த்து 31.2% கட்டுபவருக்கு வரி 11,700 வரும். கடைசியில் கையில் நிற்பது 28,800 திர்ஹாம். போட்ட பணத்துக்கு 3.4%.

ஏழு எப்படி மூன்றரைகூட இல்லாமல் போனது என்று பார்த்தீர்களா? இதே வீட்டை துபாயில் வேலை பார்க்கும் உங்கள் மகன் தன் பெயரில் வாங்கினால், இந்திய வரி அவருக்கு இல்லை. அவர் கையில் 40,500 நிற்கும், 4.7%. வீடு ஒன்றுதான், குடியிருப்பவர் ஒருவர்தான், வாடகை ஒன்றுதான். வாங்கியவர் எங்கே வசிக்கிறார் என்பது மட்டும் மாறியது. "உள்ளூரிலா, வெளிநாட்டிலா" என்று வீட்டைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நம்பிக்கை: "கோல்டன் விசா வாங்கிவிட்டால் இந்திய வரி போய்விடும்"

20 லட்சம் திர்ஹாமுக்குச் சொத்து வாங்கினால் 10 ஆண்டு விசா கிடைக்கும். விசா என்பது அங்கே தங்க அனுமதி, அவ்வளவுதான். ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், பெட்டியில் எந்த விசா இருந்தாலும் நீங்கள் இங்கே வசிப்பவர்தான்.

அந்த வீட்டை ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டவும் வேண்டும். வாடகை வராத ஆண்டிலும் காட்ட வேண்டும். மறந்துவிட்டால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். சிறு தொகைகளுக்கு 2024இல் கொடுத்த விலக்கு, அசையாச் சொத்துக்குப் பொருந்தாது.

நம்பிக்கை: "மாதம் ஒரு பர்சென்ட் கட்டினால் போதும், மிச்சத்துக்கு லோன் போட்டுக்கலாம்"

இந்தியாவில் வசிப்பவர் சொந்தப் பணத்தை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு, நிதியாண்டுக்கு ஒருவருக்கு 2,50,000 டாலர். திர்ஹாமில் சொன்னால் 9 லட்சத்துச் சொச்சம். கணவன், மனைவி இருவரும் அனுப்பினால் இரண்டு வரம்பு. இப்படிச் சொத்து வாங்கப் பணம் அனுப்ப இந்திய வங்கிகள் கடன் தரக்கூடாது. துபாய் வங்கி கடன் தருகிறேன் என்று சொன்னாலும், வெளிநாட்டில் வீடு வாங்க 2022ஆம் ஆண்டு விதிகள் இங்கு வசிப்பவருக்கு அனுமதிக்கும் வழிகளில் அந்தக் கடன் இல்லை. முழுக்க முழுக்கக் கைப்பணம்தான்.

தவணைத் திட்டத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்துகொண்டிருந்தபோது, 2,00,000 டாலராக இருந்த இந்த வரம்பை ரிசர்வ் வங்கி ஒரே நாளில் 75,000 ஆக்கியது. வெளிநாட்டில் வீடு வாங்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. பிறகு படிப்படியாகத் தளர்த்தி, 2015இல் இப்போதுள்ள அளவுக்கு வந்தது. மூன்று ஆண்டுத் தவணையில் பாதி கட்டியிருக்கும்போது இப்படி ஒரு சுற்றறிக்கை மறுபடி வந்தால் பில்டர் காத்திருப்பாரா? இந்தக் கேள்விக்குக் கையேட்டில் பதில் இருக்காது.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே பிடிக்கும் வரியான டி.சி.எஸ். விஷயத்தில் நம்மவர்கள் எதிர்ப்பக்கமாகத் தவறாக நினைக்கிறார்கள், 20% அரசாங்கத்துக்குப் போய்விடும் என்று. போகாது. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகையில் 20% வங்கி பிடித்துக் கட்டும். அதை உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்ப வரும். ஆனால் வரும்வரை வட்டியில்லாமல் முடங்கிக் கிடக்கும். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால், மேலே சொன்ன வீட்டுக்குச் சுமார் 2 கோடியே 9 லட்சம் ரூபாய் வேண்டும். ஒருவரே அனுப்பினால் டி.சி.எஸ். மட்டும் கிட்டத்தட்ட 40 லட்சம். இரண்டரைக் கோடி திரட்ட முடிந்தால்தான் இரண்டு கோடி வீடு.

நம்பிக்கை: "சென்னையில் வாங்கினால் வாடகையே இ.எம்.ஐ. கட்டிவிடும்"

துபாயைக் குறை சொல்லிவிட்டுச் சென்னையைப் புகழ்வேன் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும். 1 கோடி ரூபாய்ப் புது ஃபிளாட்டுக்கு மாத வாடகை 25,000 வந்தால் நல்ல வாடகை என்கிறோம். 80 லட்சம் கடன் வாங்கினால், 8% வட்டிக்கு 20 ஆண்டுத் தவணை மாதம் 67,000. வாடகை போக 42,000 கைக்காசு போட வேண்டும். புதிய வரி முறையில் இருப்பவர், வாடகை வீட்டில் வரும் வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது.

கடனே வேண்டாம், ரொக்கமாகவே வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரையுள்ள புது ஃபிளாட்டுக்கு முத்திரைத்தாள் 5%, பதிவுக் கட்டணம் 2%. மறுவிற்பனை வீடென்றால் மொத்தம் 9%. புது வீட்டுக்கு 1 கோடியே 7 லட்சம் ஆகிறது. ஆண்டில் ஒரு மாதம் காலி, சொத்து வரி, பெயின்ட், மோட்டார் ரிப்பேர், கடைசியில் வருமான வரி எல்லாம் போனால் கையில் நிற்பது 1,90,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 1.8%. வங்கி டெபாசிட்டில் 6.5% வட்டி என்றால் வரி போக நாலரை. வாடகைக்காகத்தான் வாங்குகிறேன் என்று சொன்னால், சென்னை ஃபிளாட்டும் தோற்கிறது, துபாய் ஃபிளாட்டும் தோற்கிறது.

அப்படியானால் எதை நம்பி வாங்குகிறோம்? விலையேற்றத்தை. ஃபிளாட்டில் கட்டடம் தேயும், நிலம்தான் ஏறும். உங்கள் பத்திரத்தில் பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்று எடுத்துப் பாருங்கள். நாலு வீடு மட்டுமுள்ள பழைய கட்டடத்தில் 1,000 சதுர அடி வீட்டுக்கு 600 சதுர அடி நிலம் இருக்கலாம். இருபது மாடிக் கோபுரத்தில் அதில் பாதிகூட இருக்காது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் இருபது ஆண்டு கழித்து ஒரே விலை போகாது.

நம்பிக்கை: "12 வருஷம் குடியிருந்தால் வீடு வாடகைக்காரருக்கே"

இந்தப் பயத்தில்தான் பலர் துபாய் பக்கம் ஓடுகிறார்கள். உங்கள் அனுமதியோடு, ஒப்பந்தம் போட்டு, வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அனுபவப் பாத்தியதை கேட்க முடியாது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாமல் வெற்று 11 மாத ஒப்பந்தத்தோடு விட்டுவிட்டு, பிறகு கோர்ட்டைக் குறை சொல்கிறோம்.

துபாயில் நினைத்த மாத்திரத்தில் காலி செய்யவைக்கலாம் என்பதும் கதைதான். விற்க வேண்டும், சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்பது போன்ற காரணம் இருக்க வேண்டும். அதையும் 12 மாதம் முன்னதாக நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ சொல்ல வேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்று காலி செய்யவைத்த வீட்டை 2 ஆண்டு வேறு யாருக்கும் வாடகைக்கு விட முடியாது. வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது: சந்தை வாடகையைவிட உங்கள் வாடகை எவ்வளவு குறைவு என்பதைப் பொறுத்து 5 முதல் 20% வரை என்று 2013ஆம் ஆண்டு ஆணை படிநிலை வகுத்திருக்கிறது. சந்தையோடு ஒட்டியிருந்தால் ஏற்றமே இல்லை.

நம்பிக்கை: "ரூபாய் விழும், திர்ஹாம் நிற்கும், அதுவே லாபம்"

இதில் பாதி சரி. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். திர்ஹாமில் போட்டால் டாலரில் போட்ட மாதிரி. 2014இல் 60 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. ஆனால் துபாயில் வீட்டு விலை 2008 - 09 வீழ்ச்சியில் ஏறத்தாழப் பாதியானது. 2014க்குப் பிறகு 2020 வரை மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. 2014 உச்சத்தில் வாங்கி 2020இல் விற்றவருக்கு, ரூபாய் சரிந்து கிடைத்த ஆதாயத்தை விலைச் சரிவு தின்றுவிட்டது. விற்கும்போது இந்தியாவில் கட்டும் 12.5% நீண்டகால ஆதாய வரியும் ரூபாய்க் கணக்கில்தான். ரூபாய் விழுந்ததால் வந்த பகுதிக்கும் சேர்த்துத்தான்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலேயே இருக்கப்போகிற, மாத வருமானத்துக்காக வாங்குகிற ஓய்வுபெற்றவருக்குத் துபாய் வேண்டாம். சென்னையிலும், ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவர முடிகிற தூரத்தில், நிலப் பங்கு அதிகமுள்ள பழைய வீடு சகாய விலைக்குக் கிடைத்தால் மட்டும். வருங்காலத்தில் டாலரிலோ திர்ஹாமிலோ நிச்சயச் செலவு இருக்கிறவருக்கு, முழுத் தொகையும் கடனில்லாமல் கையில் இருந்தால், துபாய் வீடு நியாயமான யோசனை. அதுவும் கட்டி முடித்து, குடியிருப்பவர் உள்ள வீடாகப் பார்த்து. துபாயிலேயே சம்பாதிக்கிறவர் அங்கே வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அவர் பின்னால் ஊர் திரும்பினாலும் அந்த வீட்டை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. அவரே சென்னையில் வாங்கி வாடகைக்கு விட்டால், வாடகைக்காரர் மாதாமாதம் 30 சதவீதத்துக்கு மேல் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். அந்தத் தலைவலிக்கு ஒப்புக்கொள்ளும் வாடகைக்காரர் கிடைப்பது அரிது.

எங்கே வாங்குவதானாலும், டோக்கன் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வரி போகக் கையில் எத்தனை சதவீதம் நிற்கும், விற்ற பணம் எந்த வழியாக உங்கள் கணக்குக்குத் திரும்பும் என்ற இரண்டு கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.