கடைசிக் காவலர்

கடலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் சிதம்பரம் உள்ளது. மாலை வேளையில் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே பயணம் செய்வோர் வழிநெடுக ஒரு காட்சியைக் காணலாம். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலும், தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலிலும், வழியூர்களின் பள்ளித் திடல்களிலும், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரிலும் சிறுவர்கள் கூடிப் பந்து உதைத்துக்கொண்டிருப்பர். இரண்டு கற்களை நட்டுவைத்தால் கோல் அமைந்துவிடும். ஆயினும், ஆட்டம் தொடங்குமுன் ஒரு சிறு வழக்கு எழுவது உண்டு. "கோலில் நிற்பவர் யார்?" என்பதே அவ்வழக்கு. ஓடி ஆடுவதற்கு எல்லாருக்கும் ஆசை. ஓரிடத்தில் நிற்பதற்கு ஒருவருக்கும் ஆசை இல்லை. இறுதியில், கூட்டத்திலேயே சிறியவனைப் பார்த்து, "தம்பி, நீதான் நிற்க வேண்டும்" என்று மூத்தவர்கள் தீர்ப்புக் கூறிவிடுவர். அவனும் முகம் வாடியவனாய்க் கற்களுக்கு நடுவே போய் நிற்பான்.

இவ்வாறு வேண்டாத பணியாகத் தோன்றும் கோல் காவல், உண்மையில் கால்பந்தாட்டத்தின் மிக அரிய பணியாகும். ஓர் அணியில் பதினொருவர் ஆடுகின்றனர். ஆட்டம் நடைபெறும்போது பந்தைக் கையால் தொடும் உரிமை அவர்களுள் ஒருவருக்கே உண்டு. அவருடைய உடையின் நிறமும் மற்றவர் உடையினின்று வேறுபட்டது. முன்கள வீரர் ஒருவர் பத்து முறை குறி தவறி, ஒரு முறை கோல் அடித்தால் ஊரே அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடும். கோல் காவலரோ பத்துப் பந்துகளைத் தடுத்து, ஒன்றைத் தவறவிட்டால் அந்த ஒன்றே ஊரார் நினைவில் நிற்கும். அணியின் கடைசிக் காவலர் அவரே; அவருக்குப் பின்னால் வலை அன்றி வேறு துணை இல்லை.

இக்காவற்கலையில் நம் நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவர் பீட்டர் தங்கராஜ். இவர் 1935-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். செகந்தராபாத்தில் சிறு குழுக்களில் ஆடிப் பழகிய பின்னர் இராணுவத்தில் சேர்ந்து, சென்னை ரெஜிமெண்டு மையத்தின் அணியில் இடம் பெற்றார். அந்த மையம் நீலகிரி மலையில் வெல்லிங்டனில் அமைந்துள்ளது. தங்கராஜ் தொடக்கத்திலேயே கோல் காவலராக இருந்தவர் அல்லர். கோல் அடிக்கும் முன்கள வீரராகவே அவர் ஆடத் தொடங்கினார். பின்னரே கோலடிக்கும் வேலையை விட்டுக் கோல் காக்கும் வேலையைக் கற்றார். அந்த அணி 1955-இலும் 1958-இலும் புகழ் வாய்ந்த தூரந்த் கோப்பையை வென்றது.

தங்கராஜ் நெடிய உருவமும் நீண்ட கைகளும் உடையவர். உயரமாக வரும் பந்தைக் கூட்டத்தின் நடுவே எழும்பிப் பற்றுவதிலும், பற்றிய பந்தை நெடுந்தொலைவு அனுப்புவதிலும் வல்லவர் என்று பெயர் பெற்றார். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்கும், 1960-இல் ரோம் ஒலிம்பிக்கிற்கும் சென்ற இந்திய அணிகளில் அவர் இருந்தார். ரோமில் பிரான்சு நாட்டு அணியோடு இந்தியா 1-1 எனச் சமன் செய்தது. 1962-இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா தென் கொரியாவை 2-1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அன்று இந்தியாவின் கோலைக் காத்தவர் தங்கராஜே. 1967-இல் அவருக்கு அர்ஜுனா விருது அளிக்கப்பெற்றது. கல்கத்தாவின் மூன்று பெரும் கழகங்களிலும் ஆடிய அவர், 1971-இல் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றார். 2008-இல் பொக்காரோ நகரில் காலமானார்.

தங்கராஜ் விடைபெற்றபோது அவருடைய கலை பழமையாகி விடவில்லை. வயது ஏறியது, இடத்தை இளையவருக்கு விட்டார். பந்தைப் பிடித்தலும், தடுத்தலும், தொலைவுக்கு அனுப்புதலுமே அப்போதும் கோல் காவலரின் தொழிலாக இருந்தன. ஆனால், அவருக்குப் பின்வந்த ஒரு தலைமுறைக்குள் அத்தொழிலின் இயல்பே மாறத் தொடங்கிற்று. அம்மாற்றத்திற்குக் காரணமாயிருந்தது ஒரு விதி.

கால்பந்து விதிகள் என்றும் ஒரே நிலையில் இருந்தவை அல்ல. 1912-ஆம் ஆண்டுக்கு முன்னர்க் கோல் காவலர் தம் பக்கத்துப் பாதிக் களம் முழுவதிலும் பந்தைக் கையால் தொடலாம். அவ்வாண்டு முதல் அவ்வுரிமை கோலுக்கு முன்னுள்ள பெனால்டி எல்லைக்குள் மட்டும் என்று சுருங்கிற்று. எனினும், அவ்வெல்லைக்குள் அவர் அரசர்போல் இருந்தார். தம் அணியினர் காலால் உதைத்து அனுப்பும் பந்தையும் அவர் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

இச்சலுகையைப் பலர் தவறாகப் பயன்படுத்தினர். ஒரு கோல் முன்னிலை பெற்ற அணி, பந்தைத் தன் காவலரிடம் திருப்பி அனுப்பும். அவர் எடுத்து அருகில் நிற்பவரிடம் உருட்டுவார். அவர் மீண்டும் காவலரிடமே அனுப்புவார். இவ்வாறு நேரம் கழியும்; ஆட்டம் சுவை இழக்கும். 1990-இல் இத்தாலியில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியின் 52 ஆட்டங்களில் 115 கோல்களே விழுந்தன. ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 2.21 கோல் என்பது மிகக் குறைவு என்று பலர் வருந்தினர். ஆகவே, 1992-இல் ஒரு புதிய விதி வகுக்கப்பெற்றது. தம் அணியினர் வேண்டுமென்றே காலால் அனுப்பும் பந்தைக் கோல் காவலர் கையால் தொடுதல் கூடாது. தொட்டால், எதிரணிக்குத் தனி உதை வழங்கப்படும். அவ்வாண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் இவ்விதி நடைமுறையில் இருந்தது.

விதி ஒரு வரிதான். அதன் விளைவோ பெரிது. கையை நம்பியே வாழ்ந்தவர் இப்போது காலையும் நம்ப வேண்டியவர் ஆனார். தொடக்கத்தில் அவர்கள் பந்தைக் கண்டவுடன் எட்டிய தொலைவுக்கு உதைத்தனர். காலப்போக்கில் பயிற்சியாளர்கள் வேறு வகையில் எண்ணத் தலைப்பட்டனர். பந்தை ஏன் வீணாக உதைத்து எதிரிக்குத் தர வேண்டும்? காவலரே அமைதியாக நின்று அருகில் உள்ள தம்மவருக்குக் காலால் கொடுத்தால், எதிரிகள் பத்துப் பேரைச் சமாளிக்கத் தம் பக்கம் பதினொருவர் ஆகிவிடுவர் அல்லவா? இவ்வெண்ணம் பரவவே, கடைசிக் காவலராக இருந்தவர் தாக்குதலைத் தொடங்கிவைக்கும் முதல் வீரராகவும் ஆனார்.

இம்மாற்றம் ஒரு மனிதரின் வாழ்வை எவ்வாறு தாக்கியது என்பதற்கு இங்கிலாந்து நாட்டு ஜோ ஹார்ட்டின் வரலாறு தக்க சான்று. அவர் 2006-இல் தமது 19-ஆம் வயதில் மான்செஸ்டர் சிட்டி கழகத்தில் சேர்ந்தார். 2012-இல் அக்கழகம் 44 ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் முதன்மைப் பட்டத்தை வென்றபோதும், 2014-இல் மீண்டும் வென்றபோதும் கோலைக் காத்தவர் அவரே. இங்கிலாந்து அணிக்காக 75 முறை ஆடினார். பாய்ந்து தடுப்பதில் அவருக்கு நிகரானவர் அந்நாட்டில் அப்போது அரியர்.

2016-ஆம் ஆண்டுக் கோடையில் பெப் கார்டியோலா அக்கழகத்தின் பயிற்சியாளராக வந்தார். காலால் பந்தை நயமாகக் கையாளும் காவலரே அவருக்கு வேண்டும். ஹார்ட்டின் கைகளில் குறை ஒன்றும் இல்லை. அவர் கால்களில் தமக்கு வேண்டிய நயம் இல்லை என்பது பயிற்சியாளரின் முடிவு. பார்சிலோனாக் கழகத்தினின்று கிளாடியோ பிராவோ என்னும் காவலர் வரவழைக்கப்பட்டார். ஆகஸ்டு 24-ஆம் நாள் ருமேனியாவின் ஸ்டேவா புக்கரெஸ்ட் அணியோடு நடந்த ஆட்டத்தில் ஹார்ட் அணித்தலைவராகக் களம் இறங்கினார். அதுவே அக்கழகத்துக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம். கூடியிருந்தோர் அவர் பெயரை மீண்டும் மீண்டும் முழங்கினர். அப்போது அவருக்கு வயது 29. காவலர் ஒருவரின் திறம் முதிரும் வயது அது. சில நாள்களில் அவர் இத்தாலியின் டொரினோ அணிக்குக் கடனாக அனுப்பப்பட்டார்.

புதிய கலை எளியது என்றும் எண்ணிவிடலாகாது. ஹார்ட்டின் இடத்திற்கு வந்த பிராவோவும் அடுத்த ஆண்டே தம் இடத்தை எடர்சன் என்னும் பிரேசில் நாட்டு இளைஞருக்கு விட நேர்ந்தது. கையும் காலும் ஒருங்கே தேர்ந்தவர் கிடைப்பது அத்துணை அரிது.

ஹார்ட் அதன்பின் கழகம் கழகமாக மாறினார். சில இடங்களில் ஆடும் வாய்ப்புக்கூட இன்றி மாற்று வீரராகவே அமர்ந்திருந்தார். ஒரு காலத்தில் நாட்டின் கோலைக் காத்தவருக்கு அது எத்துணைக் கசப்பாக இருந்திருக்கும்! ஆயினும் அவர் கையுறையைக் கழற்றி எறிந்துவிடவில்லை. 2021-இல், தமது 34-ஆம் வயதில், ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளராக இருந்த ஆஞ்சே போஸ்டெகோக்லுவும் பந்தைப் பின்களத்தினின்றே காலால் நகர்த்தி ஆடும் முறையை வற்புறுத்துபவர். எந்தக் கலை தம்மிடம் இல்லை என்று ஹார்ட் ஒதுக்கப்பட்டாரோ, அதே கலையை அவர் அங்கே நாள்தோறும் ஆட வேண்டியிருந்தது. அவர் பின்வாங்கவில்லை, ஆடினார். மூன்று ஆண்டுகளில் அக்கழகம் மூன்று முதன்மைப் பட்டங்கள் உள்ளிட்ட ஏழு கோப்பைகளை வென்றது. 2024-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் ஸ்காட்லாந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் அணியை 1-0 என வென்ற களிப்போடு, 37-ஆம் வயதில் அவர் ஓய்வு பெற்றார்.

இருமுறை விடைபெற்றவர் ஹார்ட். முதல் முறை அவரைக் காலம் அனுப்பிவைத்தது. இரண்டாம் முறை அவர் தாமே விடைபெற்றார். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அவர் அடைந்த துன்பமும், பயின்ற பயிற்சியும், காத்த பொறுமையுமே அவ்விரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாடு.

காலம் இவ்வாறு ஒருவரைச் சோதிப்பது விளையாட்டில் மட்டும் அன்று. கடலூர்க் கடற்கரையில் கட்டுமரத்தில் துடுப்பு வலித்து மீன் பிடித்தவர்களின் பிள்ளைகள் எஞ்சின் பொருத்திய படகுகளுக்கு மாறினர். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து நூல் அச்சிட்டவர்கள் கணினியின் முன் அமரப் பழகினர். பழக இயலாதவர்கள் தொழிலை இழந்தனர். அவர்களை வென்றது சோம்பல் அன்று. வேலையின் வடிவம் மாறியதே காரணம். ஆதலின், பின்தங்கிய முதியவரைக் கண்டு இளையவர் நகைத்தல் தகாது. ஹார்ட் தடுத்த பந்துகள் தடுக்கப்பட்டவையே. தங்கராஜ் பெற்றுத் தந்த பதக்கம் இன்றும் தங்கமே. அவரவர் காலத்தில் ஆட்டம் அவர்களிடம் எதைக் கேட்டதோ, அதை அவர்கள் குறைவின்றிக் கொடுத்தார்கள்.

அதே வேளையில், இன்றைய புதுமையே என்றும் நிலைக்கும் என்று இளையவர் இறுமாந்திருத்தலும் தகாது. விதிகள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2019-இல் கோல் உதையின் விதி மாறியது. பந்து பெனால்டி எல்லையைக் கடக்குமுன்பே தம்மவர் அதை ஆடலாம் என்றாயிற்று. 2025-இல் மற்றொரு விதி வந்தது. காவலர் பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை கிடைக்கும். இன்று தேர்ந்தவராய் விளங்கும் காவலரும் நாளை புதிதாக ஒன்றைக் கற்க வேண்டியவரே.

கடலூர் மாவட்டத்தின் ஆடுகளங்களில் இன்று சிறுவர்களோடு சிறுமியரும் கால்பந்து பயில்கின்றனர். இந்திய மகளிர் அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இல் மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. இத்தகைய களங்களில் கோல் காவல் பயில்வோர், பந்தைப் பாய்ந்து பிடிக்கவும் கற்க வேண்டும். ஓடிவரும் எதிரியைக் கண்டு கலங்காமல், காலடியில் பந்தை நிறுத்தி, உரியவருக்கு அனுப்பவும் கற்க வேண்டும். முன்னது தங்கராஜ் காலத்துக் கலை. பின்னது இக்காலத்துக் கலை. ஒன்றைக் கற்க மற்றொன்றை மறக்க வேண்டுவதில்லை.

மாலை மயங்கும் நேரத்தில் இரண்டு கற்களுக்கு நடுவே முகம் வாடி நிற்கும் அந்தச் சிறுவனுக்குத் தங்கராஜையும் ஹார்ட்டையும் பற்றி யாரேனும் சொல்வார்களாயின், அவன் தனக்குக் கிடைத்த இடம் எத்தகையது என்பதை உணர்வான். நாளை மாலை, "கோலில் நிற்பவர் யார்?" என்ற கேள்வி எழும்போது, பிறர் தீர்ப்புக் கூறும்வரை காத்திராமல் அவனே முன்வந்து நிற்பான்.