நந்தியாவட்டைக்கு அடியில் முதலில் பாருங்கள்

காரைக்காலில் காடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சுமார் 160 சதுர கிலோமீட்டருக்குள் வயல், வாய்க்கால், அரசலாறு, கடற்கரை மணல், நெருக்கமான தெருக்கள். ஆனாலும் பெரிய அந்துப்பூச்சி ஒன்றை முட்டையிலிருந்து இறகு விரிப்பதுவரை பார்க்க ஆசைப்படுகிறவர் மலையேறிப் போக வேண்டாம். வாசலில் ஒரு நந்தியாவட்டையோ அரளியோ இருந்தால் போதும். பூசைக்குப் பூப் பறிக்க நாம் வைக்கும் இந்தச் செடிகளைத் தேடி அரளி அந்துப்பூச்சி தானே வந்துவிடும். 1758இல் லின்னேயஸ் விவரித்த இனம் இது. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நெரீ.

பல வருடங்களாக இதன் பின்னாலேயே அலைந்ததில் தெரிந்துகொண்டது: இலையில் தேடுவதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும். விரல் நீளம் வளர்ந்த புழுகூட இலையின் பச்சையில் கரைந்துபோகும். பக்கவாட்டில் ஓடும் வெள்ளைக் கோடும் கண்ணை ஏமாற்றும். ஆனால் அதன் எச்சத்தை மறைக்க முடியாது. செடியடியில் மிளகைவிடப் பெரிய, வரிவரியாகப் பள்ளம் விழுந்த கரும்பச்சை உருண்டைகள் கிடந்தால், அதற்கு நேர் மேலே உள்ள கிளையில் நுனி இலைகள் மொட்டையாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கேதான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை சற்று ஓய்ந்து புதுத்துளிர் விடும் சமயத்தில் எனக்கு அதிகம் கிடைத்திருக்கின்றன.

இந்தப் புழுவை அடையாளம் காண்பதில் குழப்பம் வருவதற்குக் காரணம், ஒவ்வொரு பருவத்திலும் அது வேறு உருவம் எடுப்பதுதான். முட்டை வெளிர்பச்சை, குண்டூசித் தலை அளவு, தளிரிலையில் ஒற்றை ஒற்றையாக இருக்கும். பொரித்து வரும் குஞ்சுப் புழு மஞ்சள், வாலில் தன் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் மெல்லிய கறுப்புக் கொம்பு. இலை தின்னத் தின்ன உடம்பு பச்சையாகும். வளர்ந்த புழுவில் அந்தக் கொம்பு குட்டையாக, ஆரஞ்சு நிறத்தில் கீழ்நோக்கி வளைந்து நிற்கும். தலைக்குச் சற்றுப் பின்னால் கறுப்பு வளையத்துக்குள் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய பொட்டுகள். தொட்டால் தலையை உள்ளிழுத்து அந்த இடத்தை உப்பவைக்கும். பொட்டுகள் இரண்டும் கண்களாக முறைக்கும். பக்கத்து வீட்டு லாத்தா ஒரு நாள் மதில்மேல் எட்டிப் பார்த்து, "தம்பி, எங்க செடியில பாம்புக்குட்டி மாதிரி ஒண்ணு இருக்கு, பிள்ளைங்க பயப்படுதுங்க, வந்து எடுங்க" என்று கூப்பிட்டது இந்தப் பொட்டுகளைப் பார்த்துத்தான். புழு கடிக்காது, கொட்டாது, அரிக்கவும் அரிக்காது. கொம்பு வெறும் தோல்.

கொம்புள்ள புழு எல்லாம் இதுவல்ல. இங்கே செடிதான் நமக்கு வழிகாட்டி. சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கொடியில் இருந்தால், வயிற்றில் ரோசாப் பட்டைகள் உள்ள வேறொரு அந்துப்பூச்சியின் புழு. எள்ளிலோ கத்தரியிலோ இருந்தால், முதுகில் மண்டையோட்டு உருவம் தாங்கிய இனமாக இருக்கலாம். அரளியிலேயே இன்னொன்றும் உண்டு: கொம்புக்குப் பதில் உடம்பில் இணை இணையாகக் கறுப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சியின் புழு. அதன் கூடு வெள்ளிபோல் பளபளத்து இலையடியில் தொங்கும். நம்முடையது தொங்காது, தரைக்கு இறங்கும்.

அரளியின் நஞ்சு இதயத்தைத் தாக்குவது. மாடு தின்றால்கூட ஆபத்து. இந்தப் புழு அதையே தின்று கொழுக்கிறது. அதனால் புழுவுக்கு இலை ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். இந்த வேலையைச் சிறு குழந்தைகளிடம் விடாதீர்கள். வளர்த்துப் பார்க்க நந்தியாவட்டைதான் வசதி. எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியின் மருந்தடிக்காத இலையையே கடைசிவரை கொடுங்கள். மழைக்காலத்தில் மூடிய பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம். ஈரமும் எச்சமும் சேர்ந்து நோய் பிடிக்கும். வலை மூடிய வாளியோ அட்டைப்பெட்டியோ போதும், எச்சத்தைத் தினமும் கொட்டிவிட வேண்டும்.

ஒரு நாள் புழு தின்பதை நிறுத்தி, முதுகெல்லாம் இருண்ட பழுப்பாகி, அங்குமிங்கும் ஓடத் தொடங்கும். நோய் வந்துவிட்டதென்று நிறையப் பேர் தூக்கி எறிவது இந்த நேரத்தில்தான். அது கூட்டுப்புழுவாகத் தயாராகிறது. லேசான ஈர மணலும் மேலே காய்ந்த சருகும் போட்ட தட்டில் விடுங்கள். சருகுகளை இழையால் தளர்வாகக் கோத்து உள்ளே படுத்துக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அந்துப்பூச்சி வெளிவரும். சில கூடுகளிலிருந்து பூச்சிக்குப் பதில் ஈக்கள் வரும். புழுவாக இருந்தபோதே அவை குடியேறியவை. அதுவும் இயற்கையின் கணக்குதான். வருத்தமாக இருக்கும், ஆனால் பார்த்துக் குறித்துவைக்க வேண்டிய விஷயம்.

தட்டருகே ஒரு சொரசொரப்பான குச்சியைச் சாய்த்துவைப்பது முக்கியம். வெளிவந்த பூச்சி ஏறித் தொங்கினால்தான் கசங்கிய இறகுகள் விரியும். விரிந்தால் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர். பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு கலந்து பளிங்கு வரிகள். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் பூச்சி பறக்கும்போது தலையை எப்படி நிலையாக வைத்துக்கொள்கிறது என்று ஆராய எடுத்துக்கொண்டது இதே இனத்தைத்தான். கண்ணோடு உணர்கொம்பின் அடியிலுள்ள உறுப்பும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கிறது என்று 2022இல் எழுதினார்கள். பூவின் முன் காற்றில் அப்படியே நின்று தேன் உறிஞ்சுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆய்வின் அருமை புரியும்.

பறக்க விடும்போது இருட்டிய பிறகு, மாடி விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். வெளிச்சம் இருந்தால் சுவரையே சுற்றிக்கொண்டிருக்கும். வளர்க்க நேரமில்லாதவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். போகிக்குத் தோட்டத்தைக் கூட்டும்போது நந்தியாவட்டை, அரளி அடியிலுள்ள சருகை மட்டும் எரிக்காமல் செடியோரமாகவே ஒதுக்கிவையுங்கள். கூட்டுப்புழு அதற்குள்ளேதான் கிடக்கிறது.