மீட்டர் இல்லாத கிணற்றுக்குக் கணக்கு

எங்கள் ஊர் வயல் கிணறுகளில் மீட்டரே கிடையாது. எவ்வளவு தண்ணீர் இறைக்கிறோம் என்று அரசுக்கு எப்படித் தெரியும்?
– ஒரு வாசகர், திருச்செங்கோடு

பயிர் காட்டிக்கொடுத்துவிடும்! நெல்லுக்கு அறுவடை வரை ஏறத்தாழ 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும், அதாவது ஏக்கருக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர். அதைச் சாகுபடிப் பரப்பால் பெருக்கி, மழையும் வாய்க்காலும் தந்ததைக் கழித்தால் மிச்சம் கிணற்றுத் தண்ணீர். கிணறுகளை எண்ணி, ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சராசரியாக இறைக்கும் அளவால் பெருக்குவதும் உண்டு.

வீட்டுக் குழாயைக் குறை சொல்வோர் கவனிக்க: ஜல் ஜீவன் திட்டத்தில் தலைக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்தான். அந்த ஓர் ஏக்கர் தண்ணீர் 240 பேருக்கு ஓராண்டு வரும்.

தமிழ்நாட்டில் நிலத்தடி நீர்க் கணக்கைப் பிர்கா (வருவாய்க் குறுவட்டம்) வாரியாகப் போடுகிறார்கள். ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை இறைத்தால் அது பாதுகாப்பான பிர்கா. 100-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி இறைக்கும் பிர்கா. உங்கள் பிர்கா எதில் இருக்கிறது என்பதை, புதிய போர் போடும் முன் பார்த்துவிடுங்கள்.