பூநாரையை லினோவில் செதுக்கலாமா?

கேள்வி: கோடியக்கரைப் பறவைகளை வாட்டர்கலரில் வரைகிறேன். அவற்றை லினோகட் அச்சுப் படங்களாகவும் செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது?
- ஒரு வாசகி, வேதாரண்யம்

பதில்: பூநாரையில் தொடங்குங்கள். நீண்ட கால், வளைந்த கழுத்து, தலைகீழாக நீரில் ஆழ்ந்த அலகு. உருவ விளிம்பே போதும், பறவை தெரிந்துவிடும். லினோலியப் பலகையைச் செதுக்கி, மை தடவி அச்சிடும் லினோகட்டுக்கு வேண்டியது இந்தத் தெளிவுதான். வாட்டர்கலரின் மெல்லிய சாயல்கள் இதில் வராது. எனவே பழைய ஓவியங்களை அப்படியே பெயர்க்காதீர்கள். உப்பளத்தின் வெளிச்சம், நீர், பறவை என மூன்று நிறங்களுக்குள் காட்சியைச் சுருக்கி, புதிதாக வரையுங்கள்.

ஒரே பலகையில் பல நிறம் அச்சிடும் முறை அற்புதமானது. முதலில் வெளிர் நிறத்தை எல்லாத் தாள்களிலும் அச்சிட வேண்டும். பிறகு அதே பலகையை மேலும் செதுக்கி அடுத்த அடர்நிறம். செதுக்கியது போனதுதான்; பின்னால் இன்னும் பத்துப் பிரதி வேண்டுமென்றால் கிடைக்காது. ஆகவே தாள்களைச் சற்று அதிகமாகவே எடுத்து வையுங்கள். படம் இடவலமாக மாறி விழும் என்பதும் நினைவிருக்கட்டும். அச்சு இயந்திரம் தேவையில்லை, கரண்டியின் முதுகால் தேய்த்தாலே போதும்.

இங்கிலாந்தின் ராபர்ட் கில்மோர் படங்களைத் தேடிப் பாருங்கள். நார்ஃபோக் கடற்கரையில் வாழ்ந்து, லினோகட்டில் பறவைகளை அச்சிட்டவர். பிரிட்டிஷ் அஞ்சல் தலைகளுக்கும் வரைந்தார். நிறங்களை எவ்வளவு குறைத்திருக்கிறார் என்று கவனியுங்கள்.

வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கிவிடும். தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தே வரையுங்கள்; படத்துக்காக நெருங்கிப் போய் அவற்றைக் கலைத்துவிடாதீர்கள்.