எங்களுக்கப்புறம் யாரு?

செங்கம் சார்பதிவாளர் ஆபீசுக்கு மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற பெற்றோர் பத்திர எழுத்தனான என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எங்களுக்கப்புறம் இதுக்கு யாரு?" அவர்களுக்கு நான் சொல்வது:

1. எல்லாவற்றையும் மூத்தவன் பேரில் எழுதிவிட்டு, "அவன் பாத்துப்பான்" என்று இருந்துவிடாதீர்கள். அவன் நல்லவன்தான். ஆனால் அவனுக்கும் கடன் வரும், நோய் வரும். தான செட்டில்மெண்ட் பதிவாகிவிட்டால் லேசில் திரும்பாது. உயிலை உயிருள்ளவரை மாற்றலாம். சாட்சி இருவர் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள்.

2. உயில் இல்லாமல் போனாலும் இந்துக் குடும்பத்தில் அந்தப் பிள்ளைக்குச் சமபங்கு உண்டு. ஊனத்தைக் காட்டி அதை மறுக்க 1956ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம் இடம் தரவில்லை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் பெயர் விடுபடாமல் பாருங்கள். சான்றில் பெயர் விடுபடக் கூடாது என்பதை மலையில் வன உரிமைப் பட்டா வைத்திருப்பவர்களுக்கும் சொல்வேன். அந்த நிலத்தை விற்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும்.

3. 18 வயது முடிந்தால் பிள்ளை மேஜர். அதன்பின் பெற்ற தாய்கூடத் தானாகவே சட்டக் காப்பாளர் ஆகிவிட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவே காப்பாளரை நியமிக்கும். திருவண்ணாமலையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நியமனமான காப்பாளர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தரவேண்டும், வருஷா வருஷம் கணக்கும் காட்டவேண்டும். சொந்தக்காரர் என்பதால் கணக்குக் கேட்கக் கூச்சப்படும் ஊர் இது. அதனாலேயே இந்தச் சட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

4. பிள்ளையை ஒருவர் பார்க்கட்டும், பணத்தை வேறொருவர் பார்க்கட்டும். ஓரளவு சொத்து உள்ளவர்கள் உயிலிலேயே தனியார் அறக்கட்டளை அமைத்து, நிலத்தின் வருமானம் பிள்ளையின் செலவுக்கே என்று எழுதலாம். பாங்கில் நாமினி போட்டது போதும் என்று நினைக்காதீர்கள்; நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உரிமையாளர் இல்லை.

5. அரசு தரும் மாதப் பராமரிப்புத் தொகை வருகிறதென்றால் அந்தக் கணக்கு யார் கையில் ஓடுகிறது என்று இப்போதே எழுதி வையுங்கள். மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், சம்பாதிக்க முடியாத பிள்ளையின் பெயரை உயிரோடிருக்கும்போதே பென்ஷன் உத்தரவில் சேர்க்கலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெற்றவர் போனபின் சான்றிதழுக்கு அலைவது பெரும் பாடு.

6. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வலிப்பு மாத்திரை எத்தனை மணிக்கு, சாமைச் சோறு எவ்வளவு குழைய வேண்டும், குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு எங்கே ஓடும், யார் கூப்பிட்டால் வரும், எல்லாம் அதில் இருக்கட்டும். அம்மாவுக்கு மட்டும் தெரிந்த விஷயங்களை உயிலில் எழுத முடியாது. அவர் சொல்லச் சொல்ல மகளோ பேத்தியோ எழுதலாம்.

7. உயில், ஊனச் சான்று, அடையாள அட்டை, இந்த நோட்டு நான்கும் எங்கே இருக்கிறதென்று வீட்டுக்கு வெளியே ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.