நோட்டின் வர்ணமும் அதன் காரணமும்



சென்ற மாதம் ஒரு சங்கத்தில் ரொக்கத்தைச் சரிபார்க்கையில் 180 ரூபாய் குறைந்தது. மாலை வேளையில், மங்கிய விளக்கொளியில் தவணைப் பணம் வாங்கிய பொக்கிஷதார், ஒரு 20 ரூபாய் நோட்டை 200 என்று எண்ணி வரவு வைத்திருந்தார். இரண்டும் மஞ்சள். குறைவை அவரே தம் கையிலிருந்து ஈடு செய்ய நேர்ந்தது.

தொகைக்கொரு வர்ணம் வைப்பது எழுத்தறியாதவரும் நோட்டைப் பிரித்தறியும் பொருட்டேயாம். 500 சாம்பல், 100 இளஊதா, 50 நீலம், 10 பழுப்பு. ஆயினும் 2017-ல் வந்த 200-ம், 2019-ல் வந்த 20-ம் இவ்வளவு நெருங்கிய வர்ணத்தில் அமைந்தது நமக்கு உபகாரமன்று என்பது என் அபிப்பிராயம். ஐயமுண்டாயின் நீளத்தைப் பாருங்கள். 200 ரூபாய் நோட்டு 146 மில்லி மீட்டர், 20 ரூபாய் நோட்டு 129.

வர்ணத்திற்கு வேறொரு காரணமும் உண்டு; அது கள்ள நோட்டைப் பற்றியது. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில், அமெரிக்காவில் தனித்தனிப் பாங்கிகள் நோட்டு வெளியிட்டு வந்தன. அப்பொழுது போட்டோப் படம் கறுப்பு வெள்ளையிலேயே விழும். ஆகையால் கறுப்பு அச்சின்மேல் வேறு வர்ணத்தையும் சேர்த்து அச்சிட்டால் கள்ளனால் பிரதியெடுக்க இயலாதென்று பாங்கிகள் எண்ணின. கள்ளனோ அவ்வர்ணத்தை மட்டும் மருந்தால் கரைத்து நீக்கினான். எஞ்சிய கறுப்பைப் படமெடுத்து, வர்ணத்தைப் பின்னர்த் தானே அச்சிட்டுக்கொண்டான்!

இதற்கு மாற்றாகக் கிடைத்தது, கனடாவில் தாமஸ் ஸ்டெர்ரி ஹண்ட் என்னும் ரஸாயன சாஸ்திரி கண்ட பச்சை மை. குரோமியம் என்னும் உலோகத்தினின்று செய்யப்பெற்ற அம்மை, காரத்திற்கும் அமிலத்திற்கும் எளிதில் கரையாது. அதைப் போக்க முயன்றால் அடியிலுள்ள கறுப்பும் கெடும். 1861-ல் உள்நாட்டு யுத்தச் செலவிற்காக அமெரிக்க அரசாங்கம் வெளியிட்ட நோட்டின் பின்புறம் பச்சையாயிருந்தது. ஜனங்களும் அதைப் 'பச்சை முதுகு' என்றே அழைத்தார்கள். அழகு கருதி எவரும் பச்சையைத் தெரிந்தெடுக்கவில்லை.

இக்காலத்தில் எவ்வர்ணத்தையும் இயந்திரம் பிரதியெடுத்துவிடும். ஆகவே, ஒரே வர்ணமாய் நில்லாத பொருளை நோட்டில் சேர்க்கிறார்கள். நம்முடைய புதிய வரிசை 100, 200, 500 ரூபாய் நோட்டுக்களில் மேலிருந்து கீழாக ஓர் இழை செல்கிறது. நோட்டைச் சாய்த்தால் அதன் பச்சை நீலமாகும். பிரதியெடுத்த காகிதத்தில் அம்மாறுதல் நிகழாது. தவணைப் பணம் வாங்கும்போது, செலுத்துபவர் எதிரிலேயே சாய்த்துப் பார்த்துவிட்டு, பிறகு ரசீது எழுதுங்கள்.