மூடுபனியில் வழிகாட்டும் காணா ஒளி

அதிகாலையில் நெற்றி விளக்குடன் மரம் சீவச் செல்லும் தோழர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். மூடுபனி அடர்ந்திருக்கும் வேளையிலும், அடுத்த நிரைகளில் சீவுபவரின் விளக்கு மங்கலான புள்ளியாகவேனும் தெரிகிறது. பொழுது புலர்ந்து பனி முழுவதும் வெள்ளை வெளேரென்று ஒளிரத் தொடங்கியதும் அதே விளக்கு மறைந்துபோகிறது. பனி கூடவில்லை, விளக்கும் அணையவில்லை. கதிரவனின் ஒளி பனித்துளிகளில் பட்டுச் சிதறி, அச்சிறு ஒளியை விழுங்கிவிடுகிறது.

விமானியின் இடரும் இதுவே. வானொலி அலைகள் விமானத்தை ஓடுபாதையை நோக்கி அழைத்து வருகின்றன. ஆயினும் சாதாரண வகைத் தரையிறக்கத்தில், ஏறத்தாழ 200 அடி உயரத்திற்கு இறங்கியதும் அவர் ஓடுபாதையையோ அதன் விளக்குகளையோ தம் கண்ணால் கண்டாக வேண்டும். காணாவிடில் உடனே மேலெழும்பிவிட வேண்டும். ஐயத்துடன் இறங்குவது அத்தனை பயணிகளின் உயிரோடு விளையாடுவதாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இதற்கு முரட்டு வைத்தியம் ஒன்று செய்தனர். 1943 முதல் சில விமானத் தளங்களில், ஓடுபாதையின் இருமருங்கும் குழாய்களில் பெட்ரோலை எரித்து, அவ்வெப்பத்தால் மூடுபனியைக் கலைத்தனர். பல விமானங்கள் தப்பின. செலவான பெட்ரோலுக்கோ அளவில்லை!

புற ஊதாக் கதிரின் வழி வேறு. கதிரவனிடமிருந்து வரும் இக்கதிர்களுள், 280 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் கொண்டவற்றை வானின் உயரத்தேயுள்ள ஓசோன் படலம் உறிஞ்சிக்கொள்கிறது. அவை தரையை எட்டுவதில்லை. ஆகவே அவ்வகைக் கதிரை மட்டுமே காணும் கருவிக்கு நண்பகலும் நள்ளிரவுதான். ஓடுபாதையோரம் அக்கதிரை வீசும் விளக்குகளை ஏற்றினால், பொழுது புலருமுன் நாம் காணும் நெற்றி விளக்குப்போல் அவை பகலிலும் தனித்துத் தெரியும். கருவி அவற்றை விமானியின் முன்னுள்ள திரையில் காட்டும். ஆராய்ச்சியாளர் இம்முறையைச் சோதித்துப் பார்த்துள்ளனர்.

இக்கதிர் மூடுபனியைத் துளைத்துச் செல்லும் என்று எண்ணிவிடலாகாது. பனித்துளிகள் இதனையும் சிதறடிக்கவே செய்கின்றன. காற்றும் ஓரளவு தடுப்பதால் நெடுந்தொலைவு எட்டுவதுமில்லை. பின்னணி இருளாக இருப்பது ஒன்றே இதன் ஆதாயம். மேலும், மருத்துவமனைகளில் கிருமிகளைக் கொல்லும் விளக்கும், பட்டறையில் இரும்பைப் பற்றவைக்கும் மின்சுடரும் வீசுவது இதே கதிரைத்தான். வெறுங்கண்ணால் அச்சுடரைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் கண்ணெரிச்சலால் துன்புற்றவர்களை நாம் அறிவோம். ஆதலின் ஓடுபாதையில் பணிபுரிவோரின் கண்ணிலும் தோலிலும் படாதவாறு இவ்விளக்குகளை அமைப்பதும் பொறியாளரின் பொறுப்பாகிறது.